கருவாட்டுப்பேட்டைக் காதுகுத்து

கருவாட்டுப்பேட்டையில் பூனைக்கு விசேஷம் வைத்தால் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்க வேண்டும், குடும்பத்தோடு வரச் சொல்ல வேண்டும், முன்னால் நின்று நடத்திக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும், இதில் ஒன்று குறைந்தாலும் அது வராது என்பது இன்றைக்கு எங்கள் பேட்டையில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது தெரியாத ஒரு காலமும் இருந்தது, அந்தக் காலத்தில் நாங்கள் இரும்புக் கூண்டைத் தூக்கிக்கொண்டு பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி அலைந்துகொண்டிருந்தோம்.

எங்கள் பேட்டை மதுரைக்குத் தெற்கே இருக்கிறது. கடல் இங்கிருந்து வெகுதூரம், ஆனாலும் கடலில் செத்தது பாதி இங்கேதான் வந்து இறங்கும். நெத்திலி, சாளை, வாளை, சீலா, காரல் என்று மூட்டை மூட்டையாக லாரியில் வரும், கிட்டங்கிகளில் அடுக்கப்படும், அந்த வாசனையைத் தேடிப் பூனைகள் வரும், வந்தவை குட்டி போடும், அந்தக் குட்டிகள் வளர்ந்து மறுபடி குட்டி போடும். தராசுத் தட்டில் பூனை, கல்லாப்பெட்டி மேல் பூனை, டீக்கடை பெஞ்சில் நமக்கு முன்னால் வந்து இடம் பிடித்த பூனை. பேட்டைக்காரர்கள் அவற்றுக்குக் கருவாட்டுப் பெயர்களையே வைத்தார்கள், பெயர் தீர்ந்துபோனதும் பெரிய நெத்திலி, சின்ன நெத்திலி, டீக்கடை நெத்திலி என்று சமாளித்தார்கள். இத்தனைக்கும் தலைவி மாசி. மாசிக் கருவாட்டின் நிறம், அதே கெட்டித்தனம். என்றைக்கோ ஒரு லாரியிலிருந்து இறங்கி நடந்து வந்தவள் என்று சொல்வார்கள். அவள் பின்னால் எப்போதும் குட்டிகள் வரிசையாகப் போகும், எந்தக் குட்டியின் தாய் யாரென்று கேட்டாலும் நாங்கள் மாசியைத்தான் கைகாட்டுவோம்.

மார்க்கெட் சங்கத்துக்குத் தலைவர் காசிமாயன். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர், மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாளாகத் தன் கிட்டங்கியிலேயே குடியிருந்தவர், பூனை என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கு சிவப்பவர். அந்த வருஷம் சித்திரையில் அவருடைய வஞ்சிரக் கருவாட்டு மூட்டை ஒன்றை மாசியின் பரிவாரம் ஒரே இரவில் முள்ளாக்கிவிட்டது. மறுநாள் சங்கக் கூட்டத்தில் அவர் ஒரு டப்பாவை மேஜைமேல் வைத்தார். அதில் இருந்தது விஷம்.

"ஆடி பொறக்குறதுக்குள்ள ஒரு பூன இருக்கக் கூடாது. கருவாட்டுல தடவி வச்சுருவேன். பாவம் புண்ணியம் பேசுறவுக வீட்டுக்குப் போயிப் பேசுங்க" என்றார்.

எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பஞ்சவர்ணத்தைத் தவிர. சில்லறைக் கருவாடு விற்கிற பஞ்சவர்ணம், பேட்டைப் பூனைகளுக்குக் கருவாட்டுத் தலை போடுகிறவள், மாசிக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் தன் வாயில் டீ ஊற்றுவாள். பேட்டையில் சின்னவன் பெரியவன் எல்லாரையும் அண்ணே என்று கூப்பிடுகிற அவள், காசிமாயனை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"யோவ் தலைவரே, குட்டி போடுறதுதான ஒமக்கு எடைஞ்சலு? குட்டி போடாமப் பண்ணிட்டா?"

"பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடா?" என்று காசிமாயன் சிரித்தார். கூட்டமே இல்லாத அறையில் அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் கேட்டது. பிறகு, "பண்ணும்மா. ஆடி ஒண்ணாந்தேதி பண்ணாத பூன ஒண்ணு மிச்சமிருந்தாலும் என் டப்பாதான்" என்று சொல்லிவிட்டார்.

பஞ்சவர்ணம் டவுனுக்குப் போய் டாக்டர் சுகிர்தாவைக் கூட்டி வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், ஆபரேஷன் செய்யும் வேன் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். அவர் எங்களுக்கு எல்லாம் விளக்கமாகச் சொன்னார். பூனையைப் பிடித்து, மயக்க ஊசி போட்டு, வயிற்றில் முடியை மழித்து, கருத்தடை செய்து, குணமானதும் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். வேறெங்காவது கொண்டுபோய் விட்டால் காலியான இடத்துக்கு மேலத்தெருப் பூனை குடிவந்துவிடும். ஆபரேஷன் ஆனது எது, ஆகாதது எது என்று தூரத்திலிருந்தே தெரிய, மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடுவார்கள்.

"ஒண்ண விட்டாலும் திரும்பப் பெருகிடும், பாத்துக்கிடுங்க" என்றார் டாக்டர்.

கூண்டுகள் வைத்தோம். ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் வறுத்த நெத்திலி. முதல் நாள் ஒரு கீரிப்பிள்ளை மாட்டியது, இரண்டாம் நாள் இரண்டு காக்கை, மூன்றாம் நாள் லோடுமேன் முத்திருளின் வலது கை, நெத்திலியோடு சேர்த்து. பூனைகள் கூண்டின் மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்தன.

அந்த வாரக் கடைசியில் பஞ்சவர்ணத்துக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. சீலா என்கிற சாம்பல் பூனை கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி, மோந்து பார்த்து, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போன விதத்தைப் பார்த்ததும், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மறுக்கிற சம்பந்தி ஞாபகம் வந்துவிட்டதாம் அவளுக்கு. ஒரு தட்டை எடுத்தாள், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு வாழைப்பழம் வைத்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சீலாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏத்தா சீலா, வர்ற வெள்ளிக்கெழம ஒனக்கும் ஒம் பிள்ளைகளுக்கும் மொட்டையெடுத்துக் காது குத்துறோம். குடும்பத்தோட முன்கூட்டியே வந்துரணும். வந்து நீங்கதான் நடத்திக் குடுக்கணும். போதுமா? இன்னும் மேளம் வைக்கணுமா?"

சீலா தட்டை மோந்து பார்த்தது. பாக்கை மட்டும் வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் வேன் கதவைத் திறந்தபோது சீலா வந்திருந்தது. பின்னால் அதன் பிள்ளைகள், அதற்குப் பின்னால் அக்கா தங்கை முறையானவை, கடைசியில் கொஞ்சம் வெட்கத்தோடு ஆண்பூனைகளான இரண்டு கடுவன்கள். எல்லாம் நக்கி நக்கிச் சுத்தமாகி, உச்சி எடுத்து வாரின மாதிரி வரிசையில் உட்கார்ந்திருந்தன. விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஆளுக்கொரு மொய்யும் கொண்டு வந்திருந்தன. அதில் எலிதான் அதிகம், ஒரு பல்லிவாலும் இருந்தது. டாக்டர் சுகிர்தா வரிசையை ஒரு முறை பார்த்துவிட்டுக் கையுறையை மாட்டினார்.

"வெறும் வயித்தோட வரணும்னு சொல்லிட்டீங்கதானே?" என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டார்.

அதைச் சொல்ல மறந்திருந்தாள். ஆனால் மொய்யாக வந்த எலிகள் முழுசாக இருந்ததைப் பார்த்து, விரதம் பிடித்துத்தான் வந்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டோம்.

ஊசியை எடுத்ததும்தான் சிக்கல். சீலா மேஜைமேல் ஏறவில்லை. சுற்றி நின்ற ஆண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு நேராக நடந்துபோய், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த முத்திருளின் மடியில் ஏறிச் சம்மணம் போட்டது. யாருக்கும் புரியவில்லை, முத்திருளின் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது.

"காதுகுத்துன்னா தாய்மாமன் மடியிலதான உக்காரணும்? ஒங்களத் தாய்மாமனாக் கேக்குது. அசையாம உக்காருங்க."

முத்திருள் அசையாமல் உட்கார்ந்தான். மடியிலேயே ஊசி போட்டார்கள், மடியிலேயே சீலா தூங்கியது. அன்று சாயங்காலம் முழுக்க அவன் மார்க்கெட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான், மூட்டை தூக்கும்போதுகூட.

அதன் பிறகு கேட்கவா வேண்டும்! ஒவ்வொரு வெள்ளியும் பேட்டைக்குத் திருவிழாதான். ஒவ்வொரு பூனையும் தனக்கொரு தாய்மாமனைத் தேர்ந்தெடுத்தது. காரல் டீமாஸ்டரை எடுத்தது, பெரிய நெத்திலி பேட்டைப் பள்ளியின் கணக்கு வாத்தியாரை எடுத்தது, ஒரு கடுவன் யாரும் எதிர்பாராமல் மின்வாரிய லைன்மேனைக் கம்பத்தடியில் காத்திருந்து பிடித்தது. தாய்மாமன்மார் சீர் கொண்டுவந்தார்கள். துண்டு, பழம், கழுத்துக்கு மணி, ஒரு வெள்ளிக் கொலுசுகூட வந்தது, அதைக் கொண்டுவந்தவரின் அக்கா அதைப் பார்த்து, எம் பிள்ளைக்கு வெறும் ரப்பர் பந்து வாங்கித் தந்தவன்தான இவன் என்று ஒப்பாரி வைத்தாள். முச்சந்தியில் பிளெக்ஸ் போர்டு வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்க, நடுவில் மருமகள் நெத்திலி தூங்கி வழிந்துகொண்டிருந்தது. மறுநாள் காது நுனி நறுக்கப்பட்டு, வயிற்றில் மொட்டையோடு பூனைகள் திரும்பி வந்தபோது, அவற்றை மாமன்கள் தோளில் போட்டுக்கொண்டுபோய் எந்த இடத்திலிருந்து வந்தனவோ அந்த இடத்திலேயே விட்டார்கள். கொசுவலை கட்டிவிட்டவர்களும் உண்டு.

ஆனி மாதம் பாதி போனபோது பேட்டையில் காது முழுசாக இருந்த பூனை ஒன்றே ஒன்றுதான். மாசி.

இதில் தப்பு பஞ்சவர்ணத்தின் பேரில்தான், அவளே அதை ஒப்புக்கொள்வாள். மாசி இருந்தது காசிமாயன் கிட்டங்கியின் ஓட்டுக்கூரை உச்சியில். அங்கே ஏற ஏணி வேண்டும், பஞ்சவர்ணத்துக்கோ முட்டிவலி. போகிற வழியில் காரலைப் பார்த்து, "ஏத்தா, மேல போனேன்னா மாசிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லிரு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். குடும்பத்துக்கே மூத்தவளை ஆள்விட்டு அழைத்தால் எந்த மூத்தவள் வருவாள்? மாசி கூரையிலிருந்து இறங்கவில்லை. விசேஷம் நடந்த வெள்ளிகளில் எல்லாம் வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சவர்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற எல்லாப் பூனையையும் காப்பாற்றிவிட்டு, முதல் கருவாட்டுத் தலை யாருக்குப் போட்டாளோ அவளைச் சாகக் கொடுப்பதா? அது மட்டுமா, ஒன்று மிச்சமிருந்தாலும் டப்பாதான் என்றால், தடவிவைத்த விஷம் நறுக்கின காது எது, நறுக்காத காது எது என்று பார்த்தா கொல்லும்? ஏணி கொண்டுவரச் சொல்லி, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு, புதுத் தட்டோடு கூரை ஏறினாள். கீழே முத்திருளும் அவன் மனைவியும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தாயி, புத்தி கெட்டுப்போயிச் செஞ்சுட்டேன். மனசுல வச்சுக்காத. நீ வராம என்ன விசேஷம்?" என்று ஓட்டின்மேல் மண்டியிட்டுக் கேட்டாள்.

மாசி ரொம்ப நேரம் கால் நக்கினாள். முறுக்கிக்கொண்ட சொந்தக்காரர்களை நாம் பார்க்காததா, உடனே இறங்கி வந்தால் மரியாதை என்ன ஆவது. கடைசியில் ஒரு பாக்கை எடுத்துக்கொண்டாள்.

இறங்கி வந்தாள். ஆனால் எந்த மடியிலும் உட்காரவில்லை. டீமாஸ்டர் மடியைத் துடைத்துக் காட்டினார், வாத்தியார் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்தார், லைன்மேன் தொப்பியைக் கழற்றினார். மாசி யாரையும் பார்க்கவில்லை. கிட்டங்கி வாசலுக்குப் போய், உள்ளே கல்லாவில் இருந்த காசிமாயனைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

காசிமாயன் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

மறுநாளும் மாசி வாசலில் இருந்தாள். அதற்கு மறுநாளும். அவர் பின்வாசல் வழியாகப் போனால் பின்வாசலில் இருந்தாள். மேலத்தெருக் கடுவன் ஒன்று சாயங்காலமானால் மதில்மேல் வந்து நின்று மாசியைப் பார்த்துப் பாடத் தொடங்கியிருந்தது, பேட்டையில் மானமுள்ளவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். நாலுபேர் சேர்ந்து காசிமாயனிடம் போய்ப் பேசினோம்.

"தலைவரே, நீங்க மடி குடுத்தா முடிஞ்சது. குடுக்காம இருந்துக்கிட்டு, பூன மிச்சமிருக்குன்னு வெசம் வப்பீங்களா? இது என்ன நாயம்?"

"எனக்கு அக்கா தங்கச்சி உண்டா? நான் யாருக்குய்யா தாய்மாமன்?" என்று கத்தினார் காசிமாயன். கத்திவிட்டு, அவ்வளவு சத்தமாகக் கத்தியதற்கு அவரே கூச்சப்பட்ட மாதிரி கீழே பார்த்தார். "இத்தன வருசத்துல எத்தன காதுகுத்துக்குப் போயிருக்கேன். ஒருத்தன் ஒரு நாளு, வாங்க, இந்தப் பிள்ளையச் சித்த மடியில வச்சுக்கங்கன்னு சொன்னதில்ல. பூனையக் கொண்டுவந்து கேலி பண்றீகளா?"

இத்தனை வருஷம் அவரைத் தலைவர் என்று மாலை போட்டோமே தவிர, யாரும் மாமா என்றோ அண்ணே என்றோ வாய் நிறையக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. திரும்பி வந்து பஞ்சவர்ணத்திடம் சொன்னோம். அவள் மாசிக்குப் போட வைத்திருந்த கருவாட்டுத் தலையைத் திரும்பக் கூடையில் போட்டாள்.

"பிள்ளைய அழைச்சமே, மாமன அழைச்சமா?" என்றாள்.

முறைப்படி தாய்மாமனை அழைக்க அவன் கூடப்பிறந்தவள்தான் போக வேண்டும். அந்தக் கூடப்பிறந்தவள் இடத்தில் நிற்கப் பஞ்சவர்ணத்தை விட்டால் இந்தப் பேட்டையில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனியின் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை, தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, தட்டை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த டப்பா இருந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி நின்றாள்.

"அண்ணே" என்றாள்.

காசிமாயன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களத்தாண்ணே. நாளைக்கு நம்ம பிள்ளைக்குக் காதுகுத்து. நீங்க வந்து மடியில வச்சாத்தான் நடக்கும்."

"எனக்குக் கூடப் பொறந்தவ இல்லம்மா."

"எனக்கும்தான் கூடப் பொறந்தவன் இல்ல. அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்றீக?"

அவர் தராசைத் துடைத்தார். துடைத்த தராசை மறுபடி துடைத்தார். "அதுக்கு நீ ஆத்தாளா?"

"தெனமும் சோறு போட்டவ பின்ன யாரு?"

"போட்டதெல்லாம் எங் கடையில வாங்குன கருவாடு. எடைக்கு மேல கொசுறா நானும் போட்டுத்தான் இருக்கேன். ஒம் மூஞ்சிக்காக."

"அப்ப மாமன் சீரு மொதல்லருந்தே வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. மொற சரியாத்தான இருக்கு?" என்றாள் பஞ்சவர்ணம்.

காசிமாயனின் மூக்கு சிவந்தது. இந்தத் தடவை அது கோபமில்லை. இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அவள் படி இறங்கும் முன்பே முத்திருளைக் கூப்பிட்டு, டப்பாவை வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

மறுநாள் அவர் வந்த வரவைப் பேட்டை மறக்காது. முன்னால் நாதஸ்வரம், பின்னால் சீர்த்தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வகைக் கருவாடு, பட்டுத்துணி மூடி. அவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். வேனுக்கு முன்னால் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, மடியை இப்படி வைத்தால் சரியா, அப்படி வைத்தால் சரியா என்று அருகில் நின்ற முத்திருளைக் கேட்டார். மாசி நடந்து வந்தாள். ஏறினாள். ஒரு முறை சுற்றி வந்து, அவர் வயிற்றில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஊசி ஏறியது. தூங்கிப்போனவளை டாக்டர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபோது காசிமாயன் உடனே கொடுக்கவில்லை.

"மெதுவா, டாக்டரம்மா" என்று சொல்லிக் கொடுத்தார்.

வேன் கதவு மூடியது. கொஞ்ச நேரத்திலேயே திறந்தது. மாசியைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்தியபடி டாக்டர் சுகிர்தா வெளியே வந்தார், அவர் முகம் என்னவோ போல இருந்தது. காசிமாயன் நாற்காலி கீழே விழ எழுந்தார்.

"என்னாச்சு பிள்ளைக்கு?"

"ஒண்ணுமில்ல, நல்லாத் தூங்குது. மொட்டை அடிச்சுப் பார்த்தா வயித்துல பழைய தையல் தழும்பு. கருத்தடை எப்பவோ நடந்திருக்கு. இங்க வர்றதுக்கு முன்னாடி, எந்த ஊர்லயோ. அங்க காது நறுக்காம விட்டுட்டாங்க, அதனால நமக்குத் தெரியல்ல. இனி ஆபரேஷன் வேண்டாம்."

"அப்ப அந்தக் குட்டியெல்லாம்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"எதுவும் இவ பெத்ததில்ல."

நாங்கள் நின்றபடியே யோசித்தோம். லாரியில் அடிபட்டுச் செத்த பூனைகளின் குட்டிகள், சாக்கில் கட்டி யாரோ மார்க்கெட் வாசலில் போட்டுவிட்டுப் போன குட்டிகள், தாய் விட்டுவிட்டுப் போன சவலைகள், எல்லாம் கூரைமேல்தான் வளர்ந்தன. பிடித்துக்கொண்டு போய் என்ன செய்வார்கள் என்று அனுபவித்துத் தெரிந்த ஒரே பூனை அவள்தான். அவளுக்கு இந்த வேனால் ஆக வேண்டியது ஒன்றுமே இல்லை. அவள் வந்தது மடிக்குத்தான். யாருடைய குறையைத் தீர்க்க என்று கேட்டால், பேட்டையில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள்.

"காத மட்டும் நறுக்கணும். இல்லன்னா இன்னொருத்தர் பிடிச்சுட்டுப் போய்த் திரும்ப வயித்தக் கிழிப்பாங்க" என்றார் டாக்டர்.

காசிமாயன் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்தார். "இங்க வச்சு நறுக்குங்க" என்றார்.

அவர் மடியில் வைத்தே நறுக்கினார்கள். மேளக்காரர்கள் கெட்டிமேளம் கொட்டினார்கள். பட்டு வேட்டியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. அதைத் துடைக்க வந்த பஞ்சவர்ணத்தின் கையை அவர் தடுத்தார். கண்ணிலிருந்து நீர் இறங்கி மீசைக்குள் போய்க்கொண்டிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. சுற்றி நின்ற எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார், சங்கக் கூட்டத்தில் பார்க்கிற அதே பார்வை.

"தங்கச்சி, எல்லார்ட்டயும் சொல்லி வையி. இனிமே எவனாச்சும் பூனைக்கு வெசம் வைக்கணும்னு பேசுனான்னா, கேக்க மாமன் ஒருத்தன் இருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை. சரிங்கண்ணே என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.